தூசியின் பரம்பரை: கோலார் தங்கவயலில் நுரையீரலின் வரலாறும் மரபணுச் சோதனையும்

கோலார் மாவட்டத்துப் பூதிகோட்டையை வரலாற்று மாணவர்கள் ஹைதர் அலி பிறந்த ஊராக அறிவர். விபூதியும் கோட்டையும் சேர்ந்தமைந்த பெயர் என்று இதற்கு விளக்கம் கூறுவது வழக்கம். நீற்றுக் கோட்டை என்பது பொருள். இவ்வூருக்கு மற்றொரு வரலாற்றுக் குறிப்பும் உண்டு. திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின், 1802இல் மைசூரின் கிழக்கெல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், பூதிகோட்டைக்கு அருகிலிருந்து ராமசமுத்திரம் வரை பொன் கலந்த மண் நீண்டு கிடப்பதைக் கண்டறிந்தார். உள்ளூர் மக்கள் அம்மண்ணை அலசிப் பொன் எடுத்து வந்தனர். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின், 1880 முதல், ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் லண்டன் நிறுவனத்தின் மேலாண்மையில் அந்த நிலத்தின் அடியில் ஆழ்சுரங்கங்கள் இறங்கின. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் சேர்ந்து கோலார் தங்கவயல் ஆயின. 2001 பிப்ரவரியில் அவை மூடப்படும்வரை வெளிவந்த தங்கத்தின் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. தொழிலாளரின் நுரையீரலுக்குள் சென்ற தூசியின் கணக்கு முழுமையாக எழுதப்படவில்லை.

நுரையீரல் நார்த்திசு நோய்க்கான மரபணுச் சோதனை இன்று இந்தியாவின் பெருநகர மருத்துவமனைகள்வரை வந்துவிட்டது. மூச்சிரைப்போடு வரும் ஒருவரின் குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இந்நோய் உண்டா என்று மருத்துவர் கேட்கிறார். உண்டென்றால் மரபணுவைப் பார்க்கலாம் என்கிறார். மருத்துவ நோக்கில் இது சரியான கேள்வி. ஆனால் கோலார் தங்கவயல் போன்ற ஓர் ஊரில் இக்கேள்விக்கு ஒரு நீண்ட முன்வரலாறு இருக்கிறது. நோய்க்குக் காரணம் தூசியா, உடல்வாகா என்ற வினா அங்கே ஒருபோதும் மருத்துவ வினாவாக மட்டும் இருந்ததில்லை. இழப்பீடு யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதையும் அதுவே தீர்மானித்தது. அந்த முன்வரலாற்றை நினைவில் வைத்துக்கொண்டு மரபணுச் சோதனையை அணுக வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம்.

*1. பாறையும் மூச்சும்*

கோலார் தங்கம் பெரும்பாலும் படிகக் கற்களின் நரம்புகளுக்குள் கிடந்தது. படிகக்கல் என்பது படிக வடிவச் சிலிக்கா. அதைத் துளையிடும்போதும், வெடி வைக்கும்போதும், ஆலையில் இடித்துப் பொடியாக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் எழுகின்றன. பெரிய துகள்களை மூக்கும் மூச்சுக்குழலும் தடுத்துவிடும். ஏறத்தாழ ஐந்து மைக்ரோமீட்டருக்கும் குறைவான துகள்கள் நுரையீரலின் நுண்ணறைகள்வரை சென்று தங்குகின்றன. அவற்றை விழுங்கி அழிக்க வரும் தற்காப்பு உயிரணுக்கள் சிலிக்காவைச் செரிக்க இயலாமல் தாமே மடிகின்றன. அவை வெளியிடும் வேதிப்பொருள்கள் அழற்சியைத் தூண்ட, அவ்விடத்தில் தழும்புத் திசு வளர்கிறது. மென்மையாக விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் இறுகுகிறது. இதுவே சிலிக்கோசிஸ்.

இந்நோயின் இரண்டு இயல்புகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, தூசியைச் சுவாசித்த காலத்துக்கும் நோய் வெளிப்படும் காலத்துக்கும் இடையே பத்து, இருபது ஆண்டுகள் கழியலாம். வேலையை விட்ட பின்னரும் நோய் முற்றிக்கொண்டே போகலாம். இரண்டாவது, சிலிக்கோசிஸ் உள்ள நுரையீரலில் காசநோய் எளிதில் குடியேறும். இவ்விரு இயல்புகளும் சேர்ந்து நோயை அதன் காரணத்திலிருந்து பிரித்துக் காட்டின. நோயாளி நோயுறும்போது சுரங்கத்தில் இருப்பதில்லை. நோயுறுகையில் அவருக்குக் காசநோய் என்றே பெயர் எழுதப்படுகிறது.

*2. பெயரின் அரசியல்*

மொழியியலில் முதுகலை பயின்ற எனக்கு இந்நோயின் வரலாறு ஒரு சொல் வரலாறாகவும் தெரிகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் பேசும் சுரங்கப் பகுதிகளில் இது சுரங்கத் தொழிலாளரின் காசம் என்று அழைக்கப்பட்டது. காசம் என்ற பொதுப்பெயருக்குத் தொழிலாளர் என்ற அடைமொழி. ஜெர்மானிய நோயியலாளர் சென்கர் 1867இல் தூசியால் வரும் நுரையீரல் நோய்களுக்கெல்லாம் பொதுவாக நியூமோகோனியோசிஸ் என்ற கருத்தாக்கத்தை வகுத்தார். இத்தாலியரான விஸ்கோன்டி 1870இல் சிலிக்கோசிஸ் என்ற சொல்லை உருவாக்கினார். அடைமொழியில் இருந்த காரணம் அப்போதுதான் பெயருக்குள் நுழைந்தது. சிலிக்கோசிஸ் என்று ஒருவர் எழுதிவிட்டால், சிலிக்கா எங்கிருந்து வந்தது என்ற அடுத்த கேள்வியைத் தவிர்க்க முடியாது.

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்கும் சொல் இடியோபதிக். காரணம் அறியப்படாத நுரையீரல் நார்த்திசு நோயைக் குறிக்க மருத்துவர்கள் இதனை ஆள்கின்றனர். கிரேக்க வேர்ப்பொருளின்படி, தனக்கே உரிய துன்பம் என்று கொள்ளலாம். வெளிக்காரணங்களை எல்லாம் தேடி விலக்கிய பின்னரே இப்பெயரை இடவேண்டும் என்பது மருத்துவ விதி. தேடல் எவ்வளவு ஆழமாக நடந்ததோ அந்த அளவுக்குத்தான் இச்சொல்லுக்கு மதிப்பு. 2017இல் வெளியான இந்திய இடைத்திசு நுரையீரல் நோய்ப் பதிவேட்டு ஆய்வு இதற்குச் சான்று. 19 நகரங்களின் 27 மையங்களில் 1,084 நோயாளிகளைச் சேர்த்து, சூழல் வரலாற்றை விரிவாகக் கேட்டுப் பதிந்தபோது, ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்குச் சுவாசித்த பொருள்களுக்கு எதிரான ஒவ்வாமை அழற்சியே நோய் என்று தெரிந்தது. காரணம் அறியப்படாத வகை 14 விழுக்காட்டுக்கும் குறைவு. மேலைநாட்டுப் பதிவேடுகளில் முதலிடம் பெறும் வகை இங்கே பின்னுக்குச் சென்றது.

*3. அறுபது ஆண்டு மௌனம்*

தங்கவயலுக்கு 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஆசியாவின் தொடக்ககால நீர்மின் திட்டங்களுள் ஒன்றின் முதல் பயன் இச்சுரங்கங்களுக்கே கிடைத்தது. பொறியியலில் இவ்வளவு முந்திக்கொண்ட இடத்தில் சிலிக்கோசிஸ் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிய 1940 ஆக வேண்டியிருந்தது. அவ்வாண்டில்தான் மைசூர் அரசு தங்கச் சுரங்கங்களுக்கான சிலிக்கோசிஸ் விதிகளை வகுத்தது. சுரங்கம் தோண்டத் தொடங்கி அறுபது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இடைப்பட்ட காலத்தில் உலகில் அறிவு இல்லாமல் இல்லை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1910களிலேயே இதற்கான இழப்பீட்டுச் சட்டங்கள் வந்துவிட்டன. ஆனால் கறுப்பினத் தொழிலாளர்க்கு அச்சட்டங்களின் பயன் மிகக் குறைவாகவே சென்றது. 1930இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சிலிக்கோசிஸ் குறித்த மாநாட்டைக் கூட்டியது. 1934ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை சிலிக்கோசிஸை இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொடக்கத்தில் தந்த தொழில்நோய்ப் பட்டியலில் சிலிக்கோசிஸ் இடம்பெறவில்லை. கோலாரோ சுதேச அரசின் எல்லைக்குள் இருந்தது.

இந்த மௌனத்தைப் புரிந்துகொள்ள, நிலத்தடியில் இருந்தவர் யார் என்று பார்க்க வேண்டும். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ், தெலுங்குத் தொழிலாளரே பெரும்பான்மையர்; அவர்களுள் மிகப் பலர் தலித்துகள். சொந்த ஊரில் பண்ணையடிமை நிலையிலிருந்து தப்பி ரொக்கக் கூலி தேடி வந்தவர்களுக்குத் தங்கவயல் ஒரு விடுதலையாகவும் இருந்தது என்பதை மறுக்க முடியாது. பௌத்தமும் சுயமரியாதைக் கருத்துகளும் அம்பேத்கரியமும் அங்கே வேரூன்றியதற்கு அந்த விடுதலையுணர்வும் காரணம். அதே மனிதர்கள் நலிந்தபோது ஊருக்குத் திரும்பினர். ஊருக்குத் திரும்பியவரின் இறப்பு சுரங்க மருத்துவமனையின் ஏட்டில் ஏறாது. ஏட்டில் இல்லாத இறப்பு, நோயே இல்லை என்பதற்குச் சான்றாகக் காட்டப்படக்கூடியது.

விதிகள் வந்த பின்னர் நடந்த ஆய்வு ஒன்று இந்த மௌனத்தின் அளவைக் காட்டியது. காப்லன், பர்டன் என்னும் இருவர் 1940 முதல் 1946 வரை தங்கவயலில் ஏழாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட தொழிலாளரை ஆராய்ந்தனர். அவர்களுள் 43.7 விழுக்காட்டினருக்குச் சிலிக்கோசிஸ் இருந்தது. 1947இல் வெளியான அந்த அறிக்கையே இந்தியாவில் சிலிக்கோசிஸ் பரவல் பற்றிய தொடக்ககால ஆவணமாக இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஏறத்தாழப் பத்துப் பேரில் நால்வரைத் தாக்கியிருந்த நோய் அதுவரை எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது? எக்ஸ்-கதிர்க் கருவி இருந்தும், தேடவேண்டிய கடமை யாருக்கும் இல்லாததால் அது தெரியவில்லை. இழப்பீட்டு விதி வந்ததும் அந்தக் கடமையும் வந்தது.

*4. 'பட்சத்தில்' என்னும் சொல்*

ஜெனீவா உடன்படிக்கையிலும், இந்தியச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் ஒரு நிபந்தனைத் தொடர் இருக்கிறது. சிலிக்கோசிஸோடு காசநோய் சேர்ந்திருந்தால், உழைப்பிழப்புக்கோ இறப்புக்கோ சிலிக்கோசிஸ் இன்றியமையாக் காரணியாக இருக்கும் பட்சத்தில் இழப்பீடு உண்டு என்பது அதன் சாரம். நியாயமான வரையறைபோலத் தோன்றும் இத்தொடரின் இலக்கணத்தைச் சற்று நின்று பார்க்கலாம். முதற்பகுதி உரிமையைத் தருகிறது. நிபந்தனைப் பகுதி, அந்த உரிமையைப் பெற ஒரு காரணகாரியத் தொடர்பு நிறுவப்பட வேண்டும் என்கிறது. நிறுவ வேண்டியவர் யார் என்று தொடர் வெளிப்படையாகச் சொல்வதில்லை. எழுவாய் இல்லாத வினை அது. நடைமுறையில் அந்தச் சுமை நோயாளியின் மீதும் அவர் கைம்பெண் மீதும் இறங்கியது.

சிலிக்காத் தூசி காசநோய்க்கு வழி திறக்கிறது என்பது அறிவியல் உண்மை. நெருக்கமான லைன் வீடுகளில் காசநோய் பரவுவதும் உண்மை. இரண்டும் ஒரே நிறுவனத்தின் நிலத்தில் நடந்தன. எனினும் காசநோய் என்ற பெயர் விழுந்ததும் காரணம் சுரங்கத்திலிருந்து தொழிலாளியின் வீட்டுக்கும் பழக்கவழக்கத்துக்கும் குடிக்கும் உடல்வாகுக்கும் இடம்பெயர்ந்துவிடும். ஒரு நோயில் இரு காரணங்கள் பின்னிக் கிடக்கும்போது, அவற்றுள் பணிக்கு வெளியே உள்ள காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை நிபந்தனைத் தொடர் வழங்குகிறது. மரபணு என்பது இவ்வாறு தேர்ந்தெடுக்கத்தக்க, முன்னைவிட மிக நுட்பமான மற்றொரு வெளிக்காரணம். இதை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

*5. மரபணுவுக்கு முந்தைய உடல்வாகு*

ஒரே பாறையில் ஒரே காலம் வேலை செய்த இருவருள் ஒருவர் நோயுறுவதும் மற்றவர் தப்புவதும் ஏன்? 1930களில் ஜெர்மானிய உடலியலாளர் குந்தர் லேமன் இதற்கு மூக்கில் விடை தேடினார். சிலரின் மூக்கு தூசியை நன்கு வடிகட்டுகிறது, சிலருடையது வடிகட்டுவதில்லை என்று அளந்தார். வடிகட்டும் திறன் குறைந்தவர்களைச் சுரங்க வேலைக்கு எடுக்காமல் விடலாம் என்பது அதிலிருந்து எளிதில் பிறக்கும் யோசனை. தூசியைக் குறைக்கும் செலவுக்குப் பதிலாக மூக்கைத் தேர்வு செய்வது.

இதே வினாவுக்கு வேறொரு வழியில் பங்களித்தவர் நாம் மேலே கண்ட காப்லன். அந்தோணி காப்லன் தங்கவயலிலிருந்து பிரிட்டன் திரும்பி, வேல்ஸின் கார்டிஃப் நகரில் நிலக்கரித் தொழிலாளரின் இழப்பீட்டு விண்ணப்பங்களை ஆராயும் மருத்துவக் குழுவில் பணியாற்றினார். 1953இல், முடக்குவாதம் உள்ள சுரங்கத் தொழிலாளரின் எக்ஸ்-கதிர்ப் படங்களில் மட்டும் தனித்தன்மை வாய்ந்த வட்ட முடிச்சுகள் தெரிவதை அவர் விவரித்தார். இன்றும் மருத்துவ மாணவர்கள் காப்லன் நோய்த்தொகுதி என்று படிப்பது அதைத்தான். தூசி ஒன்றே, அதை எதிர்கொள்ளும் உடலின் நோய் எதிர்ப்பு இயல்பு வேறானால் நுரையீரலில் எழும் வடிவமும் வேறாகிறது என்பதே அதன் பொருள். இங்கே உடல்வாகு தொழிலாளியை விலக்கும் கருவியாக இல்லை. தூசியின் விளைவை விளங்கிக்கொள்ளும் வழியாக இருக்கிறது.

காப்லனின் கதைக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. சிலிக்காத் தூசியே முடக்குவாதம் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. அதாவது, தூசியை எதிர்கொண்ட உடலின் தனிஇயல்பு என்று நாம் கருதியதும் ஓரளவுக்குத் தூசியின் விளைவாக இருக்கலாம். உடல்வாகு எங்கே முடிகிறது, பணி எங்கே தொடங்குகிறது என்ற கோட்டை நாம் நினைக்கும் அளவுக்குத் தெளிவாக வரைய முடியாது.

*6. மரபணுச் சோதனை எதைச் சொல்கிறது?*

நுரையீரல் நார்த்திசு நோயின் மரபியல் கடந்த கால் நூற்றாண்டில் விரைந்து வளர்ந்தது. நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் புரதங்களுள் ஒன்றின் மரபணுப் பிழை குடும்ப நோயாக வருவதை 2001இல் அறிந்தனர். குரோமோசோம்களின் முனைகளான டெலோமியர்களைப் பேணும் டெலோமரேஸ் நொதியின் மரபணுக்களில் உள்ள பிழைகள் 2007இல் வெளிப்பட்டன. சளியின் கட்டமைப்புப் புரதமான மியூசின்-5பி மரபணுவின் இயக்கப்பகுதியில் உள்ள ஒரு மாறுபாடு 2011இல் கண்டறியப்பட்டது. காரணம் அறியப்படாத நார்த்திசு நோய்க்கு இதுவரை தெரிந்தவற்றுள் மிக வலுவான பொது மரபியல் இடர்க்காரணி இதுவே.

இவற்றின் பயன் உண்மையானது. ஒரே குடும்பத்தில் இருவருக்கு மேல் இந்நோய் இருந்தாலோ, ஐம்பது வயதுக்கு முன்பே நோய் தொடங்கினாலோ, நுரையீரல் நோயோடு இளநரை, காரணமற்ற கல்லீரல் நோய், இரத்த அணுக்குறைவு ஆகியன சேர்ந்திருந்தாலோ சோதனை வழிகாட்டும். டெலோமியர் குட்டையாக இருப்பவர்களுக்கு நோய் எதிர்ப்பை ஒடுக்கும் மருந்துகள் நன்மையைவிடத் தீமை செய்யக்கூடும் என்பதால் சிகிச்சை முடிவே மாறலாம். உறுப்பு மாற்றுக்குத் திட்டமிடும்போதும் இத்தகவல் உதவும். உறவினர்கள் புகையிலையையும் தூசியையும் தவிர்க்க, உரிய காலத்தில் பரிசோதித்துக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கும். எனவே மரபணு ஆலோசகரின் துணையோடு, நோயாளியின் இசைவோடு செய்யப்படும் சோதனையை மறுப்பதற்கில்லை.

வரம்புகளும் உள்ளன. ஐரோப்பிய வழியினருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அந்த மியூசின் மாறுபாட்டைச் சுமக்கின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதே இல்லை. நோய் வந்தவர்களுள் அம்மாறுபாடு உள்ளவர்கள் கூடுதல் காலம் வாழ்வதாகவும் ஆய்வுகள் காட்டியுள்ளன. கிழக்காசிய, ஆப்பிரிக்க வழியினரிடம் அது அரிது. டெலோமியரின் நீளமோ பிறப்பில் மட்டும் அமைவதன்று; புகை, நாட்பட்ட அழற்சி, வயது ஆகியனவும் அதைக் குறைக்கின்றன. சிலிக்கோசிஸிலும் அழற்சி தொடர்பான சில மரபணு மாறுபாடுகள் ஆராயப்பட்டுள்ளன. ஆனால் ஒரு தனிமனிதரின் நுரையீரலைக் காட்டி, இது தூசியால் வந்தது, இது மரபணுவால் வந்தது என்று பிரித்துச் சொல்லும் சோதனை எதுவும் இல்லை. மரபணு எவ்வாறிருந்தாலும் சிலிக்கா இன்றிச் சிலிக்கோசிஸ் இல்லை.

*7. தங்கவயலின் குடும்ப வரைபடம்*

இப்போது தங்கவயலுக்குத் திரும்புவோம். மரபியல் மருத்துவர் முதலில் வரைவது குடும்ப வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோயுற்றவரின் வடிவம் கருமையாக்கப்படும். மூன்று, நான்கு தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கிய ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பாட்டனார், அவருடைய இரு மகன்கள், மூத்த பேரன் என்று சதுரங்கள் வரிசையாகக் கருக்கும். பார்ப்பவருக்கு அது பரம்பரை நோயின் வரைபடம். அதே தாளில் ஒவ்வொருவரின் வேலையையும் எழுதினால், துளைப்பொறி பிடித்தவர், வெடி வைத்தவர், ஆலையில் கல் இடித்தவர் என்று அது தொழிலின் வரைபடமாகிவிடும்.

தங்கவயலில் வேலையே பரம்பரையாக இறங்கியது. பரம்பரை என்ற தமிழ்ச்சொல் குருதியை மட்டும் குறிப்பதன்று. தலைமுறைதோறும் கைமாறி வரும் எதையும் அது குறிக்கும். சொத்தையும் தொழிலையும் குறிக்கும், சாதியமைப்பில் இழிவையும் குறிக்கும். மருத்துவமனைப் படிவத்தில் குடும்ப நோய்வரலாறு என்ற ஒரு கட்டம் மட்டும் இருந்து, குடும்பத் தொழில்வரலாறு என்ற கட்டம் இல்லாவிட்டால், சொல்லின் இந்த அகலம் குருதி என்ற ஒரே பொருளுக்குள் சுருங்கிவிடும். அகமண வழக்கமுடைய ஒரு சமூகத்தின் மீது அச்சுருக்கம் விழும்போது, அம்மக்களின் உடலே பலவீனமானது என்ற பழைய கூற்று புதிய சொற்களில் திரும்பி வரவும் இடமுண்டு.

உடல் ஓர் ஆவணமாக மாற்றப்படுவதைத் தங்கவயல் தொழிலாளர் முன்பே எதிர்கொண்டிருக்கின்றனர். 1930 ஏப்ரலில், தங்களை விரல்ரேகையால் பதிவு செய்யும் முறையை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ரேகை ஒருவரை அடையாளம் மட்டுமே காட்டும். மரபணு அதற்கு மேலும் பேசும். அவர் பிள்ளைகளைப் பற்றியும் பேசும்.

*8. பிற நாடுகளின் பாடம்*

இது வெறும் அச்சமன்று என்பதற்கு இரு நிகழ்வுகள் போதும். பெரிலியம் என்னும் உலோகத்தின் தூசியும் நுரையீரலில் நாட்பட்ட நோயை உண்டாக்கும். அந்நோயுற்றவர்களுள் மிகப் பெரும்பாலோரிடம் ஒரு குறிப்பிட்ட நோய் எதிர்ப்பு மரபணு வடிவம் இருப்பதை 1993இல் கண்டனர். ஆனால் அதே வடிவம் நோயற்ற தொழிலாளருள் சுமார் 30 விழுக்காட்டினரிடமும் இருந்தது. அதைக்கொண்டு ஆளெடுத்தால், நோயே வந்திராத பெருங்கூட்டம் வேலையிழக்கும். எஞ்சியவர்க்குத் தூசி அப்படியே இருக்கும்.

இரண்டாவது நிகழ்வு நீதிமன்றம்வரை சென்றது. அமெரிக்காவின் பர்லிங்டன் நார்தர்ன் சான்டா ஃபே ரயில் நிறுவனம், வேலையால் மணிக்கட்டு நரம்பு நோய் வந்ததாக இழப்பீடு கோரிய தொழிலாளரின் குருதியை, அவர்கள் அறியாமல் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியது என்று சம வேலைவாய்ப்பு ஆணையம் 2001இல் வழக்குத் தொடுத்தது. தேடப்பட்டது ஓர் அரிய பிறவிக் குறைபாடு. அது கிடைத்தால் நோய்க்கு வேலை காரணமில்லை என்று சொல்லலாம். நிறுவனம் சோதனையை நிறுத்தியது. 2002இல் 22 லட்சம் டாலர் அளவில் சமரசம் ஏற்பட்டது. மரபணுத் தகவலை வைத்து வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் அங்கே 2008இல் வந்தது.

இந்தியாவில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. மரபணு நோய்களை மொத்தமாக விலக்கும் காப்பீட்டு விதி சமத்துவ உரிமைக்கு முரணானது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. அது காப்பீடு பற்றியது. தொழிலாளர் இழப்பீட்டு மன்றத்தில் ஒரு மரபணு அறிக்கையை நிறுவனம் முன்வைத்தால், இன்றியமையாக் காரணி என்ற பழைய நிபந்தனைத் தொடர் எவ்வாறு பொருள்கொள்ளப்படும் என்பதற்கு நம்மிடம் எழுதப்பட்ட காப்பு எதுவும் இல்லை.

*9. மூடிய சுரங்கம், மூடாத நோய்*

சுரங்கங்கள் 1956இல் அரசுடைமையாகின. 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனமாக நடந்து, 2001இல் மூடப்பட்டன. பணியாளருக்கு உரிய காலமுறை மருத்துவப் பரிசோதனை வேலையோடு பிணைந்தது. வேலை போனதும் அதுவும் போயிற்று. நோயோ வேலை போன பின்னும் வளரும். 1990இல் தங்கவயலைப் பதிவு அலுவலகமாகக் கொண்டு தொடங்கப்பட்ட தேசியச் சுரங்கத் தொழிலாளர் நலவாழ்வு நிறுவனம் நாக்பூரிலிருந்து இயங்கியது. 2019இல் அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தோடு அதை இணைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நகரத்தைச் சுற்றி இன்றும் நிற்கும் சயனைடு மண்மேடுகளின் நுண்தூசி காற்றுக் காலத்தில் லைன் வீடுகளுக்குள் இறங்குகிறது. அதைச் சுவாசிப்பவருள் சுரங்கத்தையே பார்த்திராத பிள்ளைகளும் உண்டு.

இறுகிய நுரையீரலோடு வாழ்வதென்பது, கடைத்தெருவுக்குப் போகும் வழியில் எத்தனை முறை நிற்கவேண்டும் என்று கணக்கிட்டு வாழ்வது. ஆக்சிஜன் செறிவூட்டும் கருவியும், அதற்கான மின்கட்டணமும், மூச்சுப் பயிற்சியும், தடுப்பூசிகளும், காசநோய்க்கான இடைவிடாத கண்காணிப்பும் அவ்வாழ்வின் தேவைகள். தழும்பு பரவுவதை மெதுவாக்கும் மருந்துகள் சிலவகை நார்த்திசு நோய்களுக்கு உண்டு. உருவான தழும்பைக் கரைக்கும் மருந்து இல்லை. நோயின் பெயர் சரியாக எழுதப்படுவது இத்தேவைகளை யார் ஏற்பது என்பதோடு நேரடித் தொடர்புடையது. ராஜஸ்தான் அரசு 2019இல் கொண்டுவந்த நியூமோகோனியோசிஸ் கொள்கை, நிறுவனத்தைச் சுட்டி நிரூபிக்கும் சுமையை நோயாளியின் மீது ஏற்றாமல், நோய் சான்றளிக்கப்பட்டாலே அரசு உதவி என்ற வழியைத் திறந்தது. மூடிய சுரங்கங்களின் ஊர்களுக்கு அது ஒரு முன்மாதிரி.

வரலாற்று மாணவர்களும் மருத்துவ மாணவர்களும் சேர்ந்து செய்யக்கூடிய மூன்று பணிகளை முன்வைக்கிறேன். முதலாவது, சுரங்க மருத்துவமனை ஏடுகளும் பணிப்பதிவேடுகளும் எக்ஸ்-கதிர்ப் படங்களும் ஆவணக் காப்பகப் பொருள்களாகக் கருதப்பட்டுக் காக்கப்பட வேண்டும். யார், எந்தச் சுரங்கத்தில், எத்தனை ஆண்டு, எந்த வேலை செய்தார் என்பதற்கு அவையே சான்று. இரண்டாவது, எஞ்சியிருக்கும் தொழிலாளரின் வேலை வரலாற்றை அவர்களுடைய சொற்களிலேயே பதிய வேண்டும். தூசிக்கும் துளைக்கும் இருமலுக்கும் அவர்கள் வழங்கிய சொற்கள், எந்த வேலையில் எவ்வளவு தூசி என்பதை எந்தக் கருவியும் அளக்காத காலத்துக்கு நமக்குக் கிடைக்கும் அளவீடுகள். மூன்றாவது, இப்பகுதியிலிருந்து வரும் நோயாளிக்கு மரபணுச் சோதனை செய்யும் எந்த மையமும், அறிக்கையோடு மூன்று தலைமுறைத் தொழில் வரலாற்றையும் இணைத்தே தர வேண்டும்.

கோலாரில் நோய் இல்லை என்று அறுபது ஆண்டுகள் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அதை எழுதி வைக்கும் ஏடு இல்லாமையே. இன்று ஏடுகள் பெருகிவிட்டன. மரபணுவே ஓர் ஏடாகிவிட்டது. பாட்டனார் என்ன வேலை செய்தார் என்ற ஒரு வரிக்கும் அந்த ஏட்டில் இடம் இருக்கட்டும்.